முதுகில் ஒரு கை... ஆம்ஸ்டர்டாமின் பள்ளிக்கூடச் சாலை!

காலை மணி எட்டு பத்து. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், டி பைப் என்கிற பகுதி. ஆல்பர்ட் கைப் சந்தையில் மீன்காரர் பெட்டியில் ஐஸைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். லேசான தூறல். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம்தான். பக்கத்துத் தெருக்களிலிருந்து ஒவ்வொன்றாகச் சைக்கிள்கள் வர ஆரம்பிக்கின்றன.

முதலில் ஓர் அம்மா. ஹேண்டில்பாரை ஒட்டிய குட்டி சீட்டில் ஒரு வயதுக் குழந்தை. காற்றும் மழையும் அதன் முகத்தில் அடிக்காமலிருக்க முன்னால் சின்னதாக ஒரு கண்ணாடித் தடுப்பு. பின்பக்க சீட்டில் நான்கு வயது அக்கா, கையில் பாதி தின்ற ஆப்பிளுடன். அடுத்து, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த நீளமான சைக்கிள் ஒன்று. அதற்கு 'பாக்ஃபீட்ஸ்' என்று பெயர். பெட்டிக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகள்.

அவர்களுக்குப் பின்னால் ஐந்து வயதுச் சிறுமி. இவள் யார் சைக்கிளிலும் உட்கார்ந்து வரவில்லை. தன் சொந்த சைக்கிளை மிதித்து வருகிறாள். பக்கத்திலேயே இன்னொரு சைக்கிளில் அவள் அப்பா. அவருடைய ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை மகளின் முதுகில். எதிர்காற்று அடித்தால் அந்தக் கை லேசாகத் தள்ளிவிடும். சிக்னல் வந்தால் தோளைத் தொட்டு நிறுத்தும். மற்ற நேரத்தில் சும்மா இருக்கும்.

முதல்முறை இதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்களுக்கு அடிவயிறு கலங்கும். பக்கத்தில் டிராம் ஓடுகிறது, டெலிவரி வேன் போகிறது. பெரும்பாலானவர்கள் தலையில் ஹெல்மெட்கூட இல்லை. எந்த தைரியத்தில் பச்சைக் குழந்தைகளை இப்படிக் கூட்டிவருகிறார்கள்?

அந்த தைரியத்தில் பாதி அப்பாவின் கையில் இருக்கிறது. மீதி, அவர்கள் போகிற சாலையில் இருக்கிறது. அந்தச் சாலை அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

கார்கள் ஆண்ட காலம்

டச்சுக்காரர்கள் என்றாலே சைக்கிள்காரர்கள், அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கேயும் கையில் பணம் புரண்டது, வீட்டுக்கு வீடு கார் வந்தது. காருக்கு இடம் கொடுக்க வீடுகள் இடிக்கப்பட்டன, சைக்கிள் பாதைகள் காணாமல் போயின. 1967-ல் டேவிட் யோக்கினன் என்ற அமெரிக்கர் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். கால்வாயைத் தூர்த்து, இதே டி பைப் பகுதியில் வீடுகளை இடித்து, நகரத்துக்குள் அகலமான நெடுஞ்சாலை கொண்டுவர வேண்டும் என்றது அந்தத் திட்டம். நல்லவேளை, அது காகிதத்தோடு நின்றுவிட்டது.

கார்கள் மட்டும் நிற்கவில்லை. 1971-ம் ஆண்டில் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 400-க்கும் அதிகம். சராசரியாக நாளுக்கு ஒரு குழந்தைக்கு மேல்!

அந்த 400 பேரில் ஒருத்தி, விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் ஆறு வயது மகள். பள்ளிக்குச் சைக்கிளில் போன வழியில் கார் மோதி இறந்துபோனாள். அந்த அப்பா தன் துக்கத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை. 1972-ல், தான் வேலை பார்த்த 'டி டைட்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: 'ஸ்டாப் டி கிண்டர்மோர்ட்'. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று அர்த்தம். அதுவரை ஊரே 'விபத்து' என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் 'கொலை' என்றார்.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. அதன் முதல் தலைவர் மார்ட்யா ஃபான் பூட்டன், அப்போது ஆம்ஸ்டர்டாமில் வசித்த இளம் தாய். பிற்பாடு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். பெற்றோர்கள் பிள்ளைகளோடு சைக்கிள் ஊர்வலம் போனார்கள். விபத்து நடந்த இடங்களில் கூடி நின்றார்கள். தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடிக் கோரிக்கை வைத்தார்கள்.

டி பைப்பில் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் களத்தில் இறங்கிவிட்டார்கள். விளையாட இடமில்லாமல் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். தெருவின் குறுக்கே தடுப்பு வைத்தார்கள். ஆத்திரப்பட்ட கார்க்காரர்களோடு அந்தப் பொடிசுகள் மல்லுக்கு நின்றதை 1972-ல் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் இன்றும் பார்க்கலாம்.

1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது அரசு. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் விட்டார்கள். கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை ஒரு நாடே அப்போது கண்ணால் பார்த்தது. காரை நடக்கும் வேகத்தில்தான் ஓட்ட வேண்டும், பிள்ளைகள் நடுத்தெருவில் விளையாடலாம் என்கிற 'வோனெர்ஃப்' தெருக்கள் 1976-ல் சட்டப்படி அங்கீகாரம் பெற்றன. ஊர் ஊராகத் தனிச் சைக்கிள் பாதைகள் வந்தன. 2010-ல் சாலையில் இறந்த 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 14.

தப்பு செய்தாலும் உயிர் போகாத சாலை

அந்தச் சிறுமியின் பின்னாலேயே போனால் சாலையின் சூட்சுமம் புரியும்.

அவள் குடியிருக்கும் தெருவில் சைக்கிளுக்குத் தனிப்பாதையே கிடையாது, தேவையும் இல்லை. செங்கல் பாவிய தெரு, அங்கங்கே வேகத்தடை, கார்கள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. 2023 டிசம்பர் 8 முதல் ஆம்ஸ்டர்டாமின் பெரும்பாலான தெருக்களில் இதுதான் வேக வரம்பு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து முழுதாக நிற்கச் சுமார் 28 மீட்டர் எடுத்துக்கொள்ளும். 30-ல் வந்தால் 14 மீட்டருக்குள் நின்றுவிடும். நடுவில் இருக்கிற அந்தப் பதினான்கு மீட்டரில்தான் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

வாகனங்கள் அதிகம் போகும் பெரிய சாலைக்கு வந்ததும் காட்சி மாறுகிறது. சைக்கிளுக்குச் சிவப்பு நிறத்தில் தனிப்பாதை. வெறும் வெள்ளைக்கோடு போட்டுப் பிரித்தது அல்ல. நடுவே மேடான கல்வரிசை இருக்கிறது. கார் நினைத்தாலும் சட்டென்று உள்ளே நுழைய முடியாது. நகரின் உட்பகுதியில் மொபெட்களையும் 2019-ல் சைக்கிள் பாதையிலிருந்து சாலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆபத்து அதிகம் இருப்பது முச்சந்தியிலும் நாற்சந்தியிலும்தான். அங்கே மூலையில் சிறு தீவுபோல ஒரு மேடு. திரும்பும் லாரி அதைச் சுற்றித்தான் வர வேண்டும். வேகம் தானாகக் குறையும். அது திரும்பி முடிப்பதற்குள் சைக்கிளில் வரும் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வந்துவிடும். சைக்கிளுக்குத் தனி சிக்னல், பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் அதற்கு ஒரு பொத்தான்.

நிறுத்திவைத்த கார்கள் எங்கே போயின? ஒரு பகுதி தண்ணீருக்கு அடியில்! டி பைப் ஓரமாக ஓடும் கால்வாயின் கீழே 600 கார்கள் நிற்கும் நிலத்தடி நிறுத்தம் 2018-ல் திறக்கப்பட்டது. அதற்கு ஈடாக மேலே தெருவில் நூற்றுக்கணக்கான பார்க்கிங் இடங்களை எடுத்துவிட்டார்கள். அங்கெல்லாம் இப்போது மரமும் பெஞ்சும் சைக்கிள் ஸ்டாண்டும்.

குழந்தை என்றால் தடுமாறும், வேடிக்கை பார்க்கும், திடீரென்று திரும்பும். அது குழந்தையின் குணம். அந்தத் தப்புக்கு உயிரை விலையாகக் கேட்காத சாலை வேண்டும் என்பதுதான் டச்சுக்காரர்களின் கணக்கு. சட்டமும் அப்படித்தான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சைக்கிளில் போகும்போது கார் மோதினால், ஏறக்குறைய எல்லாச் சூழலிலும் இழப்பீடு முழுவதும் கார்க்காரர் தரப்பின் பொறுப்பு.

பழக்குவது எப்படி?

சாலை நன்றாக இருக்கிறது என்று பெற்றோர் சும்மா இருந்துவிடுவதில்லை. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் ஏற்றினால் முதுகு, கை, கால் மூன்றுக்கும் பிடிமானம் உள்ள சீட் கட்டாயம். கால் சக்கரக் கம்பிக்குள் சிக்கிக்கொள்வதுதான் சின்னக் குழந்தைகளுக்கு வரும் பெரிய ஆபத்து. அதனால் சேலை சிக்காமலிருக்க நம் ஊரில் மாட்டும் வலையைப்போல, பின்சக்கரத்துக்கு மறைப்பு போட்டுவிடுகிறார்கள்.

அங்கே வாகனங்கள் வலப்பக்கம் போகும். எனவே பிள்ளை வலது ஓரம். அப்பாவோ அம்மாவோ இடப்பக்கம், வாகனங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே. இருவர் பக்கம் பக்கமாக ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. சென்ட்யூர்பான் சாலையில் 3-ம் எண் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது, "நேராக, குறுக்கே!" என்று சொல்லிக்கொடுக்கிறார் அப்பா. சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

பத்து, பன்னிரண்டு வயதில் பள்ளியிலேயே போக்குவரத்துத் தேர்வு. எழுத்துத் தேர்வோடு, நிஜச் சாலையில் சைக்கிள் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. சில பள்ளிகளுக்கு லாரியையே கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைகளை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைக்கிறார்கள். 'பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் கண்ணாடியில் தெரிகிறார்களா பார்' என்பார்கள். தெரியமாட்டார்கள். அதற்கு மேல் பாடம் தேவையில்லை.

குறையே இல்லையா?

இருக்கிறது. 2022-ல் நெதர்லாந்தில் 291 சைக்கிள் ஓட்டிகள் இறந்தார்கள். அவர்களில் வயதானவர்களே அதிகம். மின்சார சைக்கிள்கள் வந்தபிறகு பாதைகளில் வேகம் கூடிவிட்டது. தடித்த டயர் போட்ட மின்சார சைக்கிளில் பறக்கும் விடலைப் பையன்களைப் பார்த்துப் பெற்றோர் பதறுகிறார்கள். ஹெல்மெட் போடச் சொல்லி அரசே இப்போது பிரசாரம் செய்கிறது. அந்தச் சாலைகளிலேயே இப்படியென்றால், தனிப்பாதை இல்லாத ஊர்களில் குழந்தையின் தலைக்கு ஹெல்மெட் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் வாகனங்கள் இடப்பக்கம் போவதால் பிள்ளை இடது ஓரத்தில் வர வேண்டும். மெயின் ரோடு குறுக்குவழியாகவே இருந்தாலும், கொஞ்சம் சுற்றிக்கொண்டு உள்தெரு வழியாகப் போவதே நல்லது. அந்த வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையோடு நடந்தே பார்த்துவிட்டால், எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். பள்ளி வாசலில் ஒரு வேகத்தடை வேண்டும் என்று நான்கு பெற்றோர் சேர்ந்து மனு கொடுப்பதும் இதே வரிசையில் வருவதுதான். டி பைப் பிள்ளைகளும் கையெழுத்து வாங்கித்தான் ஆரம்பித்தார்கள்.

மணி எட்டு இருபத்தைந்து. பள்ளி வாசலில் கம்பி வேலி முழுக்கச் சைக்கிள்கள். சிறுமி இறங்கி ஸ்டாண்டைத் தட்டிவிட்டு உள்ளே ஓடுகிறாள். இன்னும் ஆறேழு வருடத்தில் அவள் மேல்நிலைப் பள்ளிக்குப் போவாள். தூரம் அதிகம் இருக்கும், முதுகில் கனத்த பை இருக்கும், பக்கத்தில் தோழிகள் இருப்பார்கள். அப்பாவின் கை இருக்காது. அதுவரைக்கும்தான் அந்தக் கை. சாலை அதற்குப் பிறகும் இருக்க வேண்டும்.