உறுமிக்குக் கண் சிமிட்டும் விளக்கு

சனி, புடு

கோலாலம்பூரில் கணினியும் கைப்பேசியும் வாங்க லோயாட் பிளாசா இருக்கிறது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டுமென்றால் புடு ஜாலான் பாசாருக்குத்தான் போக வேண்டும். கிள்ளானிலிருந்து கோமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வண்டி மாறி அங்கே வந்து சேர்ந்தார்கள் ஒரு மாமாவும் மருமகளும். மாமா வீடுகளுக்கு வயரிங் செய்பவர். மருமகள் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். அந்தப் படிவத்தில் ஆர்.பி.டி. எனும் வடிவமைப்புத் தொழில்நுட்பப் பாடத்தில் மின்னணு வடிவமைப்பு வருகிறது. ஏதாவது ஒன்றைச் செய்து, செய்த விதத்தை ஃபோலியோவாக எழுதித் தர வேண்டும். வகுப்பில் பலரும் இருட்டினால் தானாக எரியும் விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இவளுக்குப் பாட்டுக்கு மின்னும் விளக்கு வேண்டும். தீபாவளிக்கு வாசலில் போடும் வண்ண அரிசிக் கோலத்தைச் சுற்றி அது எரிய வேண்டும்.

வாங்கிய சாமான்கள் ஒரு சிறு பைக்குள் அடங்கின: டிஐபி31சி டிரான்சிஸ்டர், 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப், 3.5 மி.மீ. ஆடியோ ஜாக், கொஞ்சம் வயர், சால்டர் ஈயம். அடாப்டரில்தான் மாமா நேரம் எடுத்துக்கொண்டார். சிரிம் தர முத்திரை இல்லாத எதையும் அவர் கையால் தொடவில்லை. “பிளக்குக்கு அந்தப் பக்கம் 240 வோல்ட்டுமா. இந்தப் பக்கம் 12தான். நடுவுல நிக்கிற டப்பா நல்லதா இருக்கணும்.”

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த அந்தக் கறுப்புத் துண்டுக்கு மூன்று கால். பெயரின் முன்னால் நிற்கும் ‘டிஐபி’ என்ற எழுத்துகள் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் திறன் டிரான்சிஸ்டர்களுக்கு வைத்தவை. அதே நிறுவனம் 1972இல் உலு கிள்ளான் பக்கம் தொழிற்சாலை திறந்தது. சுங்கை வேயின் சுதந்திர வாணிப வட்டாரமும் அந்தக் காலத்தில் எழுந்ததுதான். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் நுண்ணோக்கியில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டிய தலைமுறை அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சில்லு என்பது தூரத்துச் சரக்கு அல்ல. பல வீடுகளில் பாட்டிமார் பார்த்த வேலை.

ஞாயிறு, கிள்ளான்

சுற்று எளியது. ஸ்டிரிப்பின் பிளஸ் நேராக அடாப்டருக்குப் போகிறது. மைனஸ், டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிட்டர், அடாப்டரின் மைனஸுக்கு. பாட்டு வருகிற வயர் பேஸில் சேர்கிறது. ஜாக்கின் அடிப்பகுதி எமிட்டரோடு. குழாயைத் திருகும் விரல் போலத்தான் பேஸ்: அங்கே சிறு கரண்டு நுழைந்தால் கலெக்டர் வழியே பெரிய கரண்டு பாயும்.

இப்போதைய பல கைப்பேசிகளில் ஹெட்போன் துளையே கிடையாது. அம்மாவின் பழைய கைப்பேசி அலமாரியிலிருந்து வெளியே வந்தது. பாட்டைப் போட்டார்கள். விளக்கு அசையவில்லை. ஒலியளவை முழுக்க ஏற்றியதும் பட்பட்டென்று மின்னத் தொடங்கியது.

காரணம், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் சுமார் 0.6 வோல்ட் ஏறினால்தான் அந்த டிரான்சிஸ்டர் திறக்கும். அதற்குக் கீழே எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும் அதன் காதில் விழாது. ஹெட்போன் துளை முழு ஒலியளவில் தருவதே ஒரு வோல்ட் அளவுதான். அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் ஆட்டமெல்லாம்.

இன்னொரு சிக்கலும் வந்தது. முழு ஸ்டிரிப்பையும் மாட்டினால் ஒளி மங்கல். மீட்டருக்கு 60 எல்.இ.டி. வைத்த சிறிய வகை ஸ்டிரிப் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.4 ஆம்பியர் குடிக்கும். ஐந்து மீட்டருக்கு 2 ஆம்பியர். அதைத் திறக்க பேஸில் பல பத்து மில்லியாம்பியர் கொட்ட வேண்டும். கைப்பேசிக்கு அந்தத் திராணி இல்லை. ஸ்டிரிப்பில் மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வெட்டுக்கோடு இருக்கும். மாமா கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு மீட்டரோடு நிறுத்தியதும் வெளிச்சம் துள்ளியது.

யோகி பி அண்ட் நட்சத்திராவின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வந்தது. மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனது. அதன் ‘மடை திறந்து’ ஓடியபோது அறையே மின்னியது. அடுத்து மாமா தன் விருப்பமாக ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

“கெட்டுப்போச்சா மாமா?”

கெடவில்லை. நாதஸ்வரம் மூச்சு விடாமல் இழைகிறது; 0.6 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கிறது. இரைச்சலாக அடர்த்தியாக ஒலிப்பதிவு செய்த பல புதுப் பாட்டுகளுக்கும் இதே கதி. மின்னுவதற்கு நடுவில் இருட்டு வேண்டும். ஒலிக்கும் நடுவில் பள்ளம் வேண்டும். இந்த விளக்குக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஓசை ஒரு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது மட்டுமே தெரியும்.

திங்கள்

ஸ்பீக்கரையும் விளக்கையும் ஒரே துளையில் மாட்டினால் பாட்டு கரகரக்கிறது. 0.6 வோல்ட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பேஸ் கரண்டை இழுத்து, அலையின் உச்சியைச் சீவிவிடுகிறது. விளக்குக்கென்று தனி ஆம்பிளிஃபையர் இல்லாமல் கதை நகராது என்று ஃபோலியோவில் எழுதிவிட்டுத் தூங்கப் போனாள்.

புதன்

எல்.எம்.358 வந்தது: எட்டுக் கால், உள்ளே இரண்டு ஆம்பிளிஃபையர். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்தால் சுமார் 159 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஓசை படிப்படியாகத் தேயும். கீழே உள்ள கனத்த ஓசை தப்பி வரும். தவிலில் விரல் கூடுகள் பேசும் வலந்தலை அடங்கி, குச்சி விழும் தொப்பி மட்டும் மிஞ்சும் என்பது கணக்கு.

வயர் இல்லாமலும் ஓசை கேட்கட்டும் என்று மைக்கையும் பொருத்திச் சோதிக்கும்போதுதான் வேடிக்கை. மாமா பேசினால் எரிகிறது. அவள் பேசினால் முணுக்கென்றுகூட இல்லை.

“அது உங்க குரலுக்கு மட்டும்தான் எரியுது. இது நியாயமே இல்ல.”

ஆண் குரலின் அடிச் சுருதி பொதுவாக 85க்கும் 180 ஹெர்ட்ஸுக்கும் இடையில். பெண் குரல் அதற்கு மேலே. 159இல் போட்ட வேலி இருவருக்கும் நடுவில் போய் விழுந்திருக்கிறது. கப்பாசிட்டரை 2.2 மைக்ரோ ஃபாரட் ஆக்கியதும் வேலி 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. மாமாவின் பேச்சுக்கும் மவுசு போனது. பாஸ் கிட்டாரும் டிரம்மும் மிஞ்சின. ஃபோலியோவில் இதற்கு அவள் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினாள். ஒதுக்க வேண்டியதுதான். விளக்குக்கு எதைக் கேட்கச் சொல்கிறோம் என்பதைவிட எதைக் கேட்கக் கூடாது என்கிறோம் என்பதில்தான் இந்த வேலையின் சாமர்த்தியம் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். 70 ஹெர்ட்ஸ் ஓசைக்கு விளக்கு நொடிக்கு 70 தடவை எரிந்து அணைகிறது. அந்த வேகத்தை நம் கண் பிரித்துப் பார்க்காது. மங்கலான தொடர் ஒளியாகவே எடுத்துக்கொள்ளும். பழைய இழை பல்பு சூடாறவே நேரமாகும். எல்.இ.டி. அப்படியல்ல, சொன்ன கணத்தில் அணையும். அதனால் ஒரு டையோடும் 10 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்த்து, ஒவ்வொரு அடிக்கும் ஒளி ஏறி, பத்தில் ஒரு நொடி அளவில் சரிந்து இறங்கும்படி செய்தார்கள். எல்.எம்.358 தாராளமாக வோல்ட் கொடுப்பதால் டிஐபி122க்கும் மாற முடிந்தது. அதற்குள் இரண்டு டிரான்சிஸ்டர் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும், திறக்க 1.2 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். ஆனால் பேஸில் துளி கரண்டு போதும். வெட்டி வைத்த ஸ்டிரிப் துண்டுகளை மாமா திரும்ப ஒட்டினார்.

வியாழன், மழை

ஃபோலியோவுக்குப் பின்னணி எழுத வேண்டுமாம். பாட்டுக்கு ஒளி கொடுக்கும் ஆசை பழையது. 1725இல் காஸ்டெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஒவ்வொரு சுரக்கட்டைக்கும் ஒரு நிறம் காட்டும் கருவியைக் கற்பனை செய்தார். 1915இல் நியூயார்க்கில் ஸ்கிரியாபினின் ‘பிரோமித்தியஸ்’ வண்ண ஒளியோடு அரங்கேறியது. இவர்களெல்லாம் சுருதிக்கு நிறம் தேடியவர்கள். 1970களில் டிஸ்கோ கூடங்களில் தொங்கிய விளக்குகள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஓசையைக் கீழ், நடு, மேல் என்று மூன்றாகப் பிரித்து மூன்று நிறத்தில் எரிந்தன. இந்த வீட்டு விளக்கு அந்த டிஸ்கோ வம்சம்.

வெள்ளி, பிரிக்ஃபீல்ட்ஸ்

2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியா, தீபாவளி நெருங்கினால் காதைப் பிளக்கும். ஜாலான் துன் சம்பந்தன் அஞ்சடியில் நடந்தால் ஒரு கடையின் பாட்டு முடியும் முன்னே அடுத்த கடையின் பாட்டு மோதும். பேட்டரி மாட்டிய விளக்கை அவள் பையிலிருந்து எடுத்தாள். அது நின்று எரிந்தது. எந்தப் பாட்டுக்கு என்று அதற்கே தெரியாது.

ஒரு கடையில் இதே வித்தை தயாராக விற்பனைக்குத் தொங்கியது. மைக்கும் ரிமோட்டும் பல நிறங்களும் சேர்த்து, ஜாலான் பாசாரில் செலவழித்ததற்குச் சற்று மேலே. மாமா விலையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது. வாங்கிய பெட்டி பெண் குரலுக்கு எரியாவிட்டால் ஏன் என்று அதனிடம் கேட்க முடியாது.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. நடைபாதையில் வெண்கோல்களின் தட்டல் கேட்டபடி இருக்கும். சைகை மொழி வகுப்பு நடத்திவந்த ஒய்.எம்.சி.ஏ.வும் பக்கத்தில். காது கேளாதவர் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் விளக்கு மின்ன வேண்டும். குழந்தை அழுதாலும் மின்ன வேண்டும். அடிப்படை வேலை இதேதான்: ஓசை ஒரு கோட்டைத் தாண்டினால் ஒளி. கோலத்துக்கு அலங்காரமாக இருப்பது அங்கே வாசலில் ஆள் நிற்பதைச் சொல்லும் செய்தி. ஒப்படைப்பின் ‘பயன்’ என்ற கட்டத்தில் இதைத்தான் அவள் முதலில் எழுதினாள். தீபாவளி இரண்டாவதாகப் போனது.

ஞாயிறு, தீபாவளிக்கு முந்தின இரவு

கோலம் முடிந்தது. ஸ்டிரிப் ஓடியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள். தட்டல் கூர்மையான ஓசை, வடிகட்டி அதை உள்ளே விடவில்லை. தரையை மிதித்தார்கள், எரிந்தது. அதோடு கோலத்தின் ஒரு மயிலும் கலைந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை. வேகமாக வெட்டும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்த சுமார் 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுவர். நொடிக்கு 15 முதல் 25 தடவை வரையிலான மின்னல் மிக ஆபத்தானது. மூன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது இணையப் பக்கங்களுக்கான விதி. ஒளியைச் சரித்து இறக்கும் 10 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரை 22 ஆக்கினாள். வெட்டுவது போய் ஒளி மெல்லத் தணிந்து ஏறியது. கோலத்துக்கு அதுவே பொருத்தமாகவும் இருந்தது.

தீபாவளி கழிந்து, ஒரு சனி

திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்களில் ஓர் உறுமிமேளக்காரர். அவருடைய குழு தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடிகளுக்கு வாசிப்பது. 1892 முதல் நடந்துவரும் அந்தத் திருவிழாவில் இப்போது காவடிகளே விளக்கு மாட்டிக்கொண்டு வருகின்றன. அவருக்கு ஆசை, உறுமி அடிக்க அடிக்க உறுமியே மின்ன வேண்டும்.

மைக் அங்கே உதவாது. பத்துமலைக் கூட்டத்தில் பத்து உறுமி சேர்ந்தால் எது யாருடைய ஓசை? மாமா ஒரு பியசோ தகட்டை எடுத்தார். வாழ்த்து அட்டையில் பாட்டுப் பாடும் அதே மெல்லிய பித்தளை வட்டம். அதிர்வைத் தொட்டால் வோல்ட் தரும். காற்றில் வரும் ஓசையை அது பெரிதாக மதிக்காது. ஒட்டிய பொருளின் நடுக்கத்தை மட்டும் உணரும்.

“தோல் மேல ஒட்டினா நாதம் செத்துரும்ணே” என்று உறுமிக்காரர் கருவியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் தோலை விட்டு, உடல் மரத்தில் ஒட்டச் சம்மதித்தார். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், கழுத்தில் உறுமியோடு அதையும் யார் சுமப்பது? மூன்று லித்தியம் செல்களைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட்; ஒவ்வொன்றும் ஐம்பது கிராமுக்குள். அவற்றுக்குப் பாதுகாப்புச் சர்க்யூட் கட்டாயம் என்று மாமா இருமுறை சொன்னார்.

உறுமியின் ஒரு முகத்தில் அடி விழும். மறு முகத்தில் வளைந்த குச்சி தேய்த்து முனகல் எழுப்பும். அடிக்கு வெட்டி எரிந்த ஸ்டிரிப், முனகலுக்கு ஏறி ஏறி இறங்கியது. அவள் 22ஐக் கழற்றி 10ஐ மாட்டினாள். இரண்டும் இன்னும் தெளிவாகப் பிரிந்தன. பக்கத்தில் நின்றவர் வேறோர் உறுமியை ஓங்கி அடித்துப் பார்த்தார். இது அசையவில்லை.

“குழுவுல எல்லாருக்கும் செஞ்சு தரணும்ணே. எவ்வளவு ஆகும்?”

“சாமான் விலை நான் சொல்றேன். கூலிய அவகிட்டப் பேசிக்க” என்றார் மாமா. அவள் ஃபோலியோவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, புதிதாக ஒரு சால்டர் கன்னையும் சேர்த்துக் கணக்குப் போடத் தொடங்கினாள்.