முகத்துக்கு மூன்று பொருள் போதும்

கல்லூரியில் சேர்ந்த கையோடு தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, எந்த சீரம் வாங்கட்டும்?"

முதலில் உன் சருமம் எந்த வகை என்று பாரும்மா என்றேன். முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடு. முழுக்க மினுங்கினால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்தால் வறண்டது. நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் இரண்டும் கலந்தது.

எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும், ஜெல் வகையாக. வறண்ட சருமத்துக்கு கிளிசரின், செராமைடு சேர்ந்த கிரீம், ஈரம் காயும் முன்னே. காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு. கறுப்புத் தோலுக்கு எதற்கு என்பார்கள். மங்கு இன்னும் கறுப்பதே வெயிலால்தான்! ஃபேஸ் வாஷையும் சேர்த்து மூன்றே பொருள். சீரம் எல்லாம் அப்புறம்.

எலுமிச்சைச் சாறு முகத்துக்கு வேண்டாம், சமையலறையிலேயே இருக்கட்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். "கலர் வரும்" என்று மெடிக்கலில் நீட்டுகிற சின்ன டியூப். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் பளபளப்பு, போகப் போகத் தோல் மெலியும், சிவக்கும், பருவும் முடியும் முளைக்கும். இவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே அரசு விதி கொண்டுவந்தது. கடையில் யார் கேட்கிறார்கள்?

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசுகிறவர்கள் சட்டென நிறுத்தாதீர்கள், முகம் கொதித்துச் சிவக்கும். அந்த டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.