மழைச் சத்தம் போடுற பெட்டி



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது தூக்கத்தைப் பற்றி பேச்சு வந்தது. பாதிப் பேருக்கு சரியான தூக்கம் இல்லை. ஷிஃப்ட் வேலை, பிள்ளைங்க கவலை, முட்டி வலி என்று ஆளுக்கு ஒரு காரணம். என்கிட்ட மழைச் சத்தம் போடுற சின்னப் பெட்டி ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். மறுநாளே நாலஞ்சு பேர் வாட்ஸ்அப்ல கேட்டுட்டாங்க. தனித்தனியா பதில் சொல்றதுக்கு இங்கேயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

பெட்டி 45 வெள்ளி. ஆன்லைன்ல வாங்கினது, உள்ளங்கை அளவுதான். மழை, அலை, ஓடை, நீர்வீழ்ச்சி, பூச்சி, காத்தாடி என்று ஆறு சத்தம் இருக்கு. இது ஒண்ணும் புதுசு இல்லை. 1962லேயே அமெரிக்காவில் ஜிம் பக்வால்டர் என்பவர் ஒரு சின்ன விசிறியை கூட்டுக்குள்ள அடைச்சு, தூங்குறதுக்கு உதவுற சாதனம்னு ‘ஸ்லீப்-மேட்’ என்ற பெயரில் விற்றார். நம்ம வீட்டு மேசைக் காத்தாடி செய்ற வேலைதான் அது.

தூக்கத்தைக் கெடுக்கிறது பெரும்பாலும் திடீர்னு வர்ற சத்தம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு நடந்து வந்தவங்க, உறுமி மேளத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்துத் தூங்குறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனா தாமான்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எக்ஸாஸ் மாத்தின ஒரு மோட்டார் போனா போதும், தெருவே முழிச்சுக்கும். விடாம ஒரே அளவா ஒரு சத்தம் ஓடிக்கிட்டு இருந்தா, அந்தத் திடீர் சத்தம் அதுக்குள்ள கொஞ்சம் அமுங்கிடும். பெட்டி செய்றது இவ்வளவுதான். இதை மருந்து மாதிரி விளம்பரம் பண்றாங்க, நம்பாதீங்க. 2021ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 ஆய்வுகளை எடுத்து அலசிப் பார்த்துட்டு, இந்தச் சத்தம் தூக்கத்துக்கு உதவுதுன்னு சொல்ல ஆதாரம் பலமா இல்லைன்னுதான் எழுதினாங்க. எனக்கு உதவுது. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில எட்டரைக்குப் படுக்கிறவனுக்கு, பக்கத்து வீட்டு இரும்பு கேட்டும் ரொட்டிக்காரர் ஹாரனும் கொஞ்சம் தள்ளிப் போனாலே பெரிய விஷயம்.

இப்போ எங்க அம்மா கதைக்கு வர்றேன். இதை எழுத உட்கார்ந்ததே அதுக்குத்தான்.

அம்மாவுக்கு 79 வயசு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் வெட்டினவங்க. தோட்டத்தை அழிச்ச பிறகு ஈப்போவுக்கு எங்களோட வந்துட்டாங்க. அவங்களுக்கும் தூக்கம் வராது. சரி, மழைச் சத்தம் கேட்டா நல்லா தூங்குவாங்கன்னு ஒரு நாள் ராத்திரி பெட்டியை அவங்க அறையில மெதுவா ஓட விட்டேன். நாங்க எல்லாம் தகரக் கூரையில மழை கொட்டுற லயத்து வீட்டுல வளர்ந்தவங்கதானே.

விடிகாலை நாலு மணிக்கு அவங்க அறையில விளக்கு எரியுது. போய்ப் பார்த்தா, கட்டில்ல உட்கார்ந்து கொண்டை போட்டுட்டு இருக்காங்க. “மழை விடலையே தம்பி. இன்னைக்குப் பெரட்டு இருக்காது போல”ன்னாங்க.

ஞாபகமறதி எல்லாம் கிடையாது. பாதித் தூக்கத்துல கேட்டது. மறுநாள் சொன்னா அவங்களே சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு, பேச ஆரம்பிச்சாங்க.

தோட்டத்துல வளராதவங்களுக்காக ஒரு விளக்கம். மரம் வெட்டுறது இருட்டுலேயே ஆரம்பிக்கும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நல்லா ஓடும். மழை பெய்து பட்டை நனைஞ்சிட்டா, பால் வெட்டுன கோட்டு வழியா மங்குக்கு வராது. மரத்தைச் சுத்தி வழிஞ்சு வீணாப் போயிடும். வெட்டி முடிச்ச பிறகு மழை வந்தாலும் மங்குல தண்ணி நிறைஞ்சு பால் போச்சு. வெட்டு இல்லைன்னா அன்னைக்குச் சம்பளமும் இல்லை. பேராக்கில் அக்டோபர், நவம்பர் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். அந்த மாசங்கள்ல அம்மா படுத்துக்கிட்டே கூரையைக் கேட்டுட்டு இருப்பாங்களாம். மூணு மணிக்கு விட்டா மரம் காயும். நாலரைக்கும் விடலைன்னா கடைக்கணக்குல எதைக் குறைக்கலாம்னு மனசுக்குள்ளேயே கூட்டிக் கழிப்பாங்களாம். அரிசியைக் குறைக்க முடியாது, பால்மாவைக் குறைக்கலாம். தீபாவளி மாசத்துல இது ரொம்ப மோசம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. சாதாரண நாள்ல விடியுறதுக்கு முன்னாடியே தூக்கக் கலக்கத்தோட எங்களை ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போயிடுவாங்க. மழை நாள்ல மட்டும்தான் அம்மா வீட்டுல இருப்பாங்க. அவங்க சேலைக்குள்ள முடங்கிப் படுக்கலாம், எட்டு மணிக்கு வரக்காப்பி சூடா கிடைக்கும். மழைச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வர்றது அதனாலதான்னு இப்போ நினைக்கிறேன். அதே கூரை, அதே மழை. பக்கத்துல படுத்திருந்தவங்க தூங்கவே இல்லை.

பிறகு ஒவ்வொரு சத்தமா போட்டுக் காட்டினேன். அலை வேண்டாம், கடல் பக்கம் அவங்க வாழ்ந்ததே இல்லை. நீர்வீழ்ச்சி, “பைப்பை யாரோ மூடாம விட்ட மாதிரி இருக்கு”. பூச்சிச் சத்தம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாங்க. “இது மழை இல்லாத ராத்திரி.” இப்போ அதுதான் ஓடுது. அப்படியும் நாலு மணிக்கு எழுந்திடுவாங்க, அதை எந்தப் பெட்டியாலும் மாத்த முடியாது. ஆனா ஒரு மணி, ரெண்டு மணிக்கு நடக்கிறது குறைஞ்சிருக்கு. அதனால உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு வாங்கினா, எந்தச் சத்தம் பிடிக்கும்னு அவங்களைக் கேட்டுட்டு வைங்க.

(சித்தியவான் பக்கம் பறவைக்கூடு வீடுகள்ல பதிவு பண்ண சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு உழவாரன் குருவியை வரவழைக்கிறாங்க. குருவியே நம்பி வந்து கூடு கட்டுது. அம்மா நம்பினதுல என்ன ஆச்சரியம்.)

அடுத்தது சத்தத்தின் அளவு. இதை ஒரு சூப்பர்வைசரா சொல்றேன். 2019 ஜூன்ல நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைப்படி, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. மூணு டெசிபல் கூடினா நேரம் பாதியாகிடும், அதாவது 88க்கு நாலு மணி நேரம்தான். இதுக்காகத்தான் என் லைன்ல பிள்ளைங்க காதடைப்பு போடலைன்னா நான் கத்துறேன். 2014ல் கனடாவின் டொரோண்டோ மருத்துவர்கள், குழந்தைகளைத் தூங்க வைக்கிற 14 பெட்டிகளை அளந்து பார்த்தாங்க. முழு வால்யூம்ல, ஒரு அடி தூரத்துல, மூணு பெட்டி 85ஐத் தாண்டிடுச்சு. தொழிற்சாலையில பெரிய ஆளுக்கே ஆகாத சத்தம், தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கு ராத்திரி முழுக்கவா? பேரப்பிள்ளை இருக்கிற வீட்டுல பெட்டியைத் தொட்டில் பக்கத்துல வைக்காதீங்க. அறையோட அந்தக் கோடியில வைங்க, வால்யூமைக் குறைங்க, பிள்ளை தூங்கினதும் அடைச்சிடுங்க.

ரொம்ப மலிவான பெட்டியில இன்னொரு தொல்லை இருக்கு. சில விநாடிச் சத்தத்தையே திரும்பத் திரும்ப ஓட்டும், தொடங்குற இடத்துல ‘டிக்’னு ஒரு வெட்டு விழும். ஒரு தடவை அதைக் கவனிச்சிட்டீங்கன்னா தொலைஞ்சது, விடிய விடிய அதையே எண்ணிட்டு இருப்பீங்க. வாங்கும்போது அஞ்சு நிமிஷம் காதுகிட்ட வெச்சுக் கேளுங்க. மேசைக் காத்தாடியில அந்த வெட்டு கிடையாது, காசும் மிச்சம்.

ராத்திரியில என் அறையில இதைப் போடுறதில்லை. அம்மா பாத்ரூமுக்கு எழுந்து “தம்பி”ன்னு கூப்பிட்டா எனக்குக் கேட்கணும். அவங்க அறையில ஓடுறது அந்தக் கதவுக்குள்ள மட்டும் கேட்கிற அளவுதான். நான் போட்டுக்கிறது நைட் ஷிஃப்ட் முடிஞ்ச பகல்ல மட்டும், அப்போ வீட்டுக்காரம்மா முழிச்சிருப்பாங்க.

ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, லிட்டில் இந்தியாவுல விற்கிற மந்திரப் பெட்டியையே ராத்திரி முழுக்க ஓட விடலாமே, புண்ணியமும் ஆச்சேன்னு. குருக்கள் என்ன சொல்வாரோ, என் கருத்து இது: மந்திரம் முழிச்சிருந்து கேட்கிறதுக்கு. சொல்லு புரியிற சத்தம் காதுல விழுந்துட்டே இருந்தா மனசு அதுகூடவே போகும், தூக்கம் தள்ளிப் போகும். அம்மாகிட்டயும் கேட்டேன். “சாமி பேரைச் சொல்லிட்டு நாம தூங்கலாம். சாமியை விடிய விடிய கத்த விடக்கூடாது”ன்னாங்க.

இந்த ஞாயிறு காலை ஏழரைக்கு ஆலயத்தில் கோத்தோங் ரோயோங். பெட்டியைக் கொண்டு வர்றேன், கேட்டுப் பார்க்கிறவங்க பார்க்கலாம். துடைப்பம் ரெண்டு குறையுது, முடிஞ்சவங்க வீட்டுலேர்ந்து எடுத்து வாங்க.