எழுந்து நின்றால் போதுமா?

மூளையதிர்ச்சியைப் பிரெஞ்சில் ‘கொமோசியோன் செரெப்ரால்’ என்பார்கள். ‘கொமோசியோன்’ என்றால் உலுக்கல். எனக்கு அந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. மண்டை உடையாமல், ஒரு சொட்டு ரத்தம் வராமல், உள்ளே மூளை மட்டும் குலுங்கிப்போவது அது.

கால்பந்துப் பைத்தியங்களான நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 1982 செவில்லா ஆட்டம் மறந்திருக்காது. உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த பத்திஸ்தோன் மீது ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பற்களும் போயின. நடுவர் ஒரு ஃபவுல்கூட கொடுக்கவில்லை! இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது வேறு மாதிரி அடிக்கு. 2014 இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிராமர் தலையில் அடிபட்டும் கால்மணி நேரம்போல ஆடினார். பிறகு நடுவரிடமே போய், “இது இறுதி ஆட்டம்தானா?” என்று கேட்டார். அப்புறம்தான் வெளியே அழைத்துப் போனார்கள். மூளையதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்கி விழுவதே இல்லை. கேட்டதையே கேட்பார்கள், வெறித்துப் பார்ப்பார்கள், தள்ளாடுவார்கள், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பார்கள்.

போன மாதம் மைதானத்தில் என் பேரனும் இன்னொரு பையனும் பந்துக்கு எம்பித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். கோச் முகத்தில் தண்ணீர் தெளித்தார், பேரன் எழுந்து நின்றான். “ஒண்ணுமில்லை ஐயா, பையன் ஸ்டெடியா இருக்கான்” என்றார் கோச். நான் கோட்டருகே போய், “இப்ப எந்தப் பாதி நடக்குது? கடைசி கோல் யார் போட்டது?” என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவில் ஆட்டக்காரர்களைச் சோதிக்க வைத்திருக்கும் கேள்விகள் இவை. தேதி, கிழமை கேட்பதைவிட இவை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அவன், “தாத்தா, செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சிடுச்சா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டான். மூன்று முறை கேட்டான். அப்போது ஆட்டம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது.

கோச்சுக்கு வருத்தம்தான். ஆனாலும் வெளியே கூட்டிவந்துவிட்டேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. “ஸ்கேன் ரத்தக்கசிவைத்தான் காட்டும், உலுக்கலைக் காட்டாது” என்றார். அந்த ரத்தக்கசிவுதான் எமன். 1998-இல் டாக்காவில் ராமன் லாம்பா ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று பந்தடி வாங்கினார். எழுந்து நடந்தே பெவிலியனுக்குப் போனார். மூன்றாம் நாள் இறந்துபோனார். ஆகவே தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் நம் வயதுக்காரர்கள் கடற்கரைச் சாலையில் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டாலும் வீட்டில் மறைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கிரிக்கெட்டில் 2019 முதல் இப்படி அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவர் முழுதாக ஆடலாம். லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் ஆடியது அப்படித்தான். நம் ஊர்ப் பையன்களின் ஆட்டத்திலும் அப்படி ஒரு விதி வந்தால் கோச்சுகளுக்கும் சங்கடம் இராது.

பேரனுக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு, போனுக்குத் தடை. பிறகு நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தலைவலி வந்தால் ஒரு படி கீழே. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் இளவயதில் மூளை வீங்கி உயிரே போகலாம் என்று டாக்டர் அவனிடமே சொன்னார். அப்படியும் டோர்னமென்ட் போச்சே என்று என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்றுதான் மெல்லோட்டம் ஆரம்பித்தான். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “ஹெட்டர் எப்ப அடிக்கலாம்?” என்று கேட்டான், முகத்தைப் பார்க்காமல்.