ரெண்டு கட்டில், அஞ்சு மெத்தை, ஒரு வேட்பாளர்!

வேட்பாளர் சொத்துப் பட்டியல்னா கோடி, கார், கிலோ கணக்குல நகைதானே ஞாபகம் வரும்? இதைக் கேளுங்க. ரெண்டு கட்டில், அஞ்சு மெத்தை, சமையல் பாத்திரம், பேங்க்ல 2,800 ரூபாய். அவ்வளவுதான்!

2013 தேர்தல்ல பாகிஸ்தானின் சிந்து மாகாண சட்டசபைக்கு ஐதராபாத்துல சுயேச்சையா நின்ன வீரோ கோல்ஹி காட்டின சொத்து இது. (அங்கேயும் ஒரு ஐதராபாத் இருக்கு பாஸ், பிரியாணி ஊர் இல்ல!)

இவங்க ஒரு காலத்துல கொத்தடிமை. பண்ணையார்கிட்ட வாங்கின முன்பணம் அடைபடுற வரைக்கும் குடும்பமே அவர் வயல்ல உழைக்கணும். கணக்கு நோட்டு அவர் கையில... எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக் கடன் எப்படிங்க குறையும்? 1990-கள்ல தப்பிச்ச வீரோ, மத்தவங்களை மீட்கறதையே வேலையா வெச்சுக்கிட்டாங்க. இத்தனைக்கும் கொத்தடிமை முறையை ஒழிச்சு 1992-லயே அங்கே சட்டம் போட்டாச்சு! அந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வரத்தான் சட்டசபைக்குப் போகணும்னு நின்னாங்க.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் அங்கே தனி சீட் உண்டு. ஆனா கட்சிகள் கொடுக்கிற லிஸ்ட்லேருந்துதான் அது நிரம்பும். கட்சியே இல்லாத வீரோவுக்கு அந்த வாசல் கிடையாது. ஸோ, பொதுத் தொகுதியில நின்னு, முஸ்லிம், இந்துன்னு எல்லார்கிட்டயும் ஓட்டு கேட்டாங்க. 2002-க்கு முன்னாடின்னா இதுக்கு வழியே இல்ல மக்களே... இந்துக்கள் ஓட்டு இந்து வேட்பாளருக்கு மட்டும்தான், முஸ்லிம்கள் ஓட்டு முஸ்லிமுக்குத்தான்!

ஜெயிச்சாங்களா? இல்ல. பண்ணையாரோட வயல்ல பொழைக்கிறவங்க அவரை மீறி ஓட்டுப் போடறது லேசா என்ன? 2018-ல அதே சமூகத்துலேருந்து, சின்ன வயசுல பண்ணையார் பிடியில இருந்த கிருஷ்ண குமாரி கோல்ஹி செனட்டுக்கே போனாங்க. சுயேச்சையா இல்ல... பாகிஸ்தான் மக்கள் கட்சி டிக்கெட்ல!