ரிலே போடுமுன் ஒரு பல்பு போட்டுப் பாருங்கள்

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், "பழைய கார் வாங்கினேன். பின்பக்க பிரேக் பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றியதிலிருந்து குரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லை. ரிலே போட்டால் சரியாகுமா?" என்று கேட்டிருந்தார். இதே கோளாறு என் மச்சானின் காரிலும் வந்தது. திருமழிசையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் அதைச் சரிசெய்தோம். ரிலே போட்டால் குரூஸ் பிடிக்கும், சந்தேகமில்லை. பிரேக்கை மிதித்தால் விடுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மச்சான் ஓசூர் பக்கம் குடைமிளகாய் சாகுபடி செய்கிறார். பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி இங்கே வருவார். நீண்ட நேரான சாலையில் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே ஒரே வேகத்தில் போக குரூஸ் உதவும். கண்பார்வை இல்லாத அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் 1950-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. டிராக்டரில் கை ஆக்சிலரேட்டரை ஒரு இடத்தில் வைத்து உழுகிறோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. போட்டதில் தப்பில்லை. 2020 மே முதல் செப்டம்பர் வரை கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக எங்கள் ஊரில் நடந்தபோது, ராத்திரியில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்களுக்கு பிரேக் லைட்டின் அருமை தெரியும். பளிச்சென்று எரிவது நல்லதுதான்.

பிறகு குரூஸ் ஏன் பிடிக்கவில்லை? பழைய வண்டிகள் பலவற்றில், பிரேக் சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரில் ஒரு கிளை குரூஸ் பெட்டிக்கும் போகும். பிரேக் மிதித்தால் அதில் 12 வோல்ட் வரும். பெட்டி உடனே வேகத்தை விட்டுவிடும். மிதிக்காதபோது, பல்பின் இழை வழியாக அந்த வயருக்கு பாடி எர்த் கிடைக்கும். 21 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம்கூட இருக்காது. 'எர்த் தெரிகிறது, ஆக வயர் அறுபடவில்லை, பிரேக் மிதித்தால் எனக்குத் தகவல் வரும்' என்று உறுதியான பிறகே பெட்டி வேலையைத் தொடங்கும். எல்.இ.டி.யில் இழை கிடையாது. எர்த் தெரியாததால், வயர் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி மறுத்துவிடுகிறது. அது கோளாறு இல்லை, காவல்.

மச்சானுக்கு ஒரு எலெக்ட்ரீஷியன் ஐந்து பின் ரிலே போட்டுக் கொடுத்திருந்தார். குரூஸ் பெட்டியின் வயர் 30-ல். 87ஏ பாடி எர்த்தில். 87-ம் 86-ம் பிரேக் லைனில். 85 எர்த்தில். பிரேக் மிதிக்காதபோது 30-ம் 87ஏ-வும் சேர்ந்திருப்பதால் பெட்டிக்கு எர்த் கிடைக்கும். மிதித்தால் காயில் இழுத்து, 30-க்கு 12 வோல்ட் போகும். குரூஸ் அருமையாக வேலை செய்தது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு மாமா?" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மீட்டரை 30-ல் வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். 12 வோல்ட் காட்டியது. 86-ம் நம்பர் வயரைக் கழற்றிவிட்டு, "இப்ப மிதிங்க மச்சான்" என்றேன். பிரேக் லைட் எரிந்தது. மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. அதாவது ரிலேயின் காயில் அறுந்தாலோ, 85-ன் எர்த் துருப்பிடித்தாலோ, பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அந்த வயரில் தகவல் போகாது. பெட்டியோ எர்த் தெரிகிறதே என்று நிம்மதியாக இருக்கும். அந்தக் காரில் பெடலில் இரண்டாவது சுவிட்ச் ஒன்றும் இருந்தது, அது காப்பாற்றியிருக்கும். ஆனாலும் இரண்டு தாழ்ப்பாளில் ஒன்றை நாமே கழற்றிய மாதிரிதான்.

இது நமக்குப் புதிய விஷயமில்லை. மோட்டார் ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருக்கிறது. கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும். கரண்ட் வந்தாலும் தானாக ஓடாது. கிணற்றுக்குள் இறங்கியிருப்பவர் உயிர் அதில் இருக்கிறது. ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டு பட்டனில் குச்சி சொருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் பாயும், காவல் போய்விடும். எந்த அமைப்பும் பழுதானால் நிற்கும் பக்கம்தான் விழ வேண்டும், ஓடும் பக்கம் விழக் கூடாது.

ரிலேயைக் கழற்றிவிட்டுப் பழைய வயரிங்கையே மறுபடி கொடுத்தோம். பின்கண்ணாடிக்கு நடுவே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கில் மட்டும் சாதாரண இழை பல்பு போட்டோம். அந்த வண்டியில் மூன்று விளக்குக்கும் ஒரே லைன் என்பதால் ஒரு இழையே போதுமானது. இரண்டு பக்கமும் எல்.இ.டி. அப்படியே எரிகிறது, குரூஸும் பிடிக்கிறது. அந்தப் பல்பு ஃபியூஸ் போனால் குரூஸ் பிடிக்காது. அதுதான் நமக்கு வேண்டியது.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். முதலில் சாவியை அணைத்துவிட்டு, குரூஸ் பெட்டிக்குப் போகும் பிரேக் வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். ஓரிரு ஓமுக்குள் இருந்தால் பல்பு காரணமில்லை. சுவிட்ச், ஃபியூஸ் பக்கம் தேடுங்கள். ஓப்பன் காட்டினால் ஒரு இழை பல்பைப் போட்டுப் பாருங்கள். பல்புக்குப் பதில் ரெசிஸ்டர் போடுவதானால், 6 ஓம் ரெசிஸ்டர் பிரேக் மிதிக்கும்போது 24 வாட் சூடு தரும் என்பதை மறக்காதீர்கள். அதைத் தகட்டில்தான் முடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் உருகும். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் வயரை வெட்டவே வேண்டாம், சர்வீஸுக்கு விடுங்கள்.

வேலை முடிந்ததும் காலியான சாலையில் குரூஸ் போட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிறகு கிளட்ச். இரண்டிலும் உடனே விட வேண்டும். மழையிலும் நெரிசலிலும் குரூஸே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சென்னைப் பக்கம் வந்துவிட்டால் மச்சான் இப்போது அணைத்துவிடுகிறார்.