பெட்டியில் இருந்த நகல்

பள்ளி முடித்த ஆண்டு, அக்காளும் தங்கையுமாக நாங்கள் இருவரும் ஸ்ரீவைகுண்டத்தில் தட்டச்சுப் பயிலச் சென்றோம். அப்பாவின் ஓய்வூதிய மனு ஓர் அலுவலகத்தில் தொலைந்தபோது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நாங்கள் போட்டு வைத்திருந்த கார்பன் நகல்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியச் செய்தது.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலைப் படித்தபோது அந்த நகலே நினைவுக்கு வந்தது. அதன் நாயகி மீனா தட்டச்சும் சுருக்கெழுத்தும் அறிந்தவள். அனைவரின் நாட்குறிப்புகளையும் தட்டச்சு செய்து தேதிவாரியாகத் தொகுக்கிறாள். இரத்தம் குடிக்கும் பிரபு அத்தாள்களை எரித்தும், இரும்புப் பெட்டகத்தில் இருந்த மறுபிரதி தப்புகிறது. அவன் ஆற்று வழியாகத் தப்பியோடுவதையும் அவளே கணித்துச் சொல்கிறாள்.

1992-இல் பிரான்சிஸ் போர்டு கொப்போலா இதனைப் பெரும் பொருட்செலவில் படமாக்கினார். ஐக்கோ இஷியோகா அமைத்த ஆடைகளுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. கண்ணைப் பறிக்கும் அழகுதான்! ஆனால், நாவலில் இல்லாத முற்பிறவிக் காதலைச் சேர்த்து, மீனாவைப் பிரபுவுக்காக உருகுபவளாக்கிவிட்டார்கள். அவளது உழைப்பு பின்னுக்குப் போயிற்று.

அன்புத் தங்கைகளே! அந்நாவலில் சிலுவை ஏந்திச் சென்றவர்களுக்கும் வழி காட்டியவை ஒரு பெண் தட்டச்சு செய்த தாள்களே. ஆடையழகை வியப்போம், உழைப்பை மறவோம். எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்!